மாமி ஆட்டிப் பார்க்காத வேன்

நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் அதை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்க்கிற ஆளா நீங்கள்?

இல்லை என்றால் எங்கள் பக்கத்து வீட்டு மாமியிடம் உங்களுக்குப் பாஸ் மார்க் கிடைத்திருக்காது. கல்யாண மண்டப நாற்காலியோ, கோயில் மண்டபத்துப் பெஞ்சோ, மாமி முதலில் அதன் முதுகைப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டுவார். பிறகு கையை ஊன்றி அழுத்துவார். அப்புறம்தான் உட்காருவார். அடையாறு டிப்போவில் சாய்ந்து நிற்கக் கம்பம் தேடினால் அதையும் ஒரு தள்ளு. அந்தப் பக்கம் சாய்ந்திருந்த ஆள் திடுக்கிட்டு முறைத்தால் மாமிக்குக் கவலையே கிடையாது.

"நிக்கற மாதிரி இருக்கறது வேற, நிக்கறது வேறடா," என்பார்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக இருந்து ரிடையர் ஆனவர். ஒல்லி. குதிகாலைத் தரையில் அறைந்து நடப்பார். அது தரையையே சோதிக்கிற நடை என்று நாங்கள் கலாய்ப்போம். பக்கத்து ஃப்ளாட்ஸுக்கு நாங்கள் குடிவந்ததும் எங்களைப் பார்க்க வந்த அன்றே மாடிப்படிக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். அது ஆடியது. "நாளைக்கு ஒரு கொழந்தை இதுல சாயும்," என்று சொல்லிவிட்டுப் போனவர், பில்டர் ஆள் அனுப்பி சிமெண்ட் வைக்கும்வரை தினமும் வந்து ஆட்டினார். தெருமுனை இஸ்திரிக்காரர் தன் வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கல்லையும் காலால் தட்டிப் பார்ப்பார்.

"இன்னா மாமி, டெய்லி ஒதைக்கிறே. வண்டி இன்னா உனுக்குக் கடன்பட்டுதா?"

"பொட்டி நெறைய நெருப்பை வெச்சுண்டு நிக்கறே. சரிஞ்சா உன் கால்தான் வேகும்."

ஆட்களையும் ஆட்டுவார். கையால் இல்லை, கேள்வியால். எல்லா பேப்பரும் பாஸ் என்று நான் பந்தா விட்ட ஒரு நாள், "பேஷ்," என்றார். காபி கொடுத்தார். காபி பாதி இறங்கியதும், "அந்த மூணாவது பேப்பர் கஷ்டமா இருந்ததுன்னியே?" என்றார். டம்ளரை வாங்கி வைக்கும்போது, "அடுத்த செமஸ்டர் ஃபீஸ் மட்டும்தானே கட்டணும், வேற எதுவும் இல்லையே?" என்றார். மூன்றாவது தள்ளில் நான் விழுந்தேன். ஒரு அரியர். எங்கள் வீட்டில் அதுவரை யாருக்கும் தெரியாது.

இதே விளையாட்டு மகளுடைய கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது. மாப்பிள்ளைக்குப் பம்பாயில் வேலை. பெண் பார்க்க வந்த இடத்தில் மாமி, "வேலை பர்மனெண்டுதானே?" என்பதை வேறு வேறு வார்த்தையில் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். பையனின் அப்பா கேசரியைக் கீழே வைத்துவிட்டார். "எங்க மேல நம்பிக்கை இல்லேன்னா சொல்லிடுங்கோ," என்று எழுந்தவரை, மாமாதான் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அன்று அந்த அக்கா அழுதுகொண்டே அம்மாவிடம் ஒரு சத்தியம் வாங்கினாள். மாப்பிள்ளையையோ, அவர் வீட்டாரையோ, அவர் செய்த எதையுமோ இனிமேல் ஆட்டிப் பார்க்கக் கூடாது.

மாமி மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

இப்போது வேன்.

மாமாவுக்கு ஊர் சுற்றும் பைத்தியம். ரிடையர் ஆன கையோடு ஒரு பழைய வேனை வாங்கி ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பாடி கட்டும் பட்டறையில் விட்டார். அது திரும்பி வந்தபோது உள்ளே ஒரு படுக்கை, கேஸ் அடுப்பு, குட்டி வாஷ்பேசின், மின்விசிறி எல்லாம் இருந்தன. நான்கு மூலைகளிலும் கீழே இரும்புக் கால்கள். ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால் திருகு ஜாக்கி மாதிரி இறங்கித் தரையில் ஊன்றும். மேடு பள்ளமான இடத்தில் நிறுத்தினாலும் படுக்கை சமமாக நிற்க வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. கோடை வந்தால் இரண்டு பேரும் ஏற்காடு, கொல்லிமலை என்று காணாமல் போவார்கள். ஆயுத பூஜைக்கு வேனுக்கு மாலை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கியதும் அந்த வருஷத்துச் சுற்றல் முடிந்தது. அதற்கப்புறம் பொங்கல்வரை மழைக்காலத் தூக்கம்.

அந்தத் தூக்கம் போடுவது ஒரு சடங்கு. ஒரே இடத்தில் மாசக்கணக்கில் நின்றால் டயர் ஒரு பக்கம் தட்டையாகிவிடும், தேங்குகிற தண்ணீரில் ரப்பர் வேறு கெடும். அதனால் வேனைக் கால்கள்மேல் தூக்கி, நான்கு சக்கரத்தையும் கழற்றி வராந்தாவில் அடுக்கிவிடுவார்கள். ஒவ்வொரு காலுக்கும் கீழே அகலப் பலகை. காலுக்குப் பக்கத்திலேயே சேஸிஸுக்கு முட்டுக்கொடுத்து ஒரு தடிக்கட்டை. "தூக்கறது ஜாக்கி, தாங்கறது கட்டை," என்பது மாமியின் வேதவாக்கு. வேனுக்குள் ரசமட்டம் வைத்து, கண்ணாடிக்குள் குமிழி நகர்வதைப் பார்த்து, முன்பக்கம் ஒரு துளி தாழ்வாக இருக்கும்படி திருகச் சொல்வார். கூரையில் விழும் மழைத் தண்ணீர் வடிந்து போக வேண்டுமாம்.

கடைசியில் தீர்ப்பு. மாமி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வேனின் வயிற்றில் தோளை வைத்து ஒரே ஒரு தள்ளு. மாமாவும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அசைந்தால் எல்லாவற்றையும் இறக்கி முதலிலிருந்து. ஒரு வருஷம் என் சனிக்கிழமை முழுக்க அதிலேயே போனது. செம அறுவை. ஆனால் மாமா மட்டும் அலுத்துக்கொள்ளவே மாட்டார். மழைக்காலம் முழுக்க மத்தியானத் தூக்கம் அவருக்கு அந்த வேனில்தான். காதிலிருந்து ஹியரிங் எய்டைக் கழற்றி ஒரு சோப்பு டப்பாவில் போட்டுவிட்டுப் படுத்தால், பக்கத்தில் குண்டே வெடித்தாலும் அவருக்குத் தெரியாது.

"மழை கூரையில விழறது எனக்குக் கேக்காது. முதுகுல தெரியும்," என்பார்.

ஆவணியில் அக்காவுக்குக் கல்யாணம். அந்த அலைச்சலில் வேன் வேலை தள்ளிப்போனது. தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை இரண்டு நாள் முன்னாடியே வந்துவிட்டார். நல்ல மனுஷன். சும்மா உட்கார்ந்து பட்சணம் தின்பது அவருக்குப் பேஜாராக இருந்தது. வேனைப் பார்த்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"நான் பண்றேன் மாமி. ஒரு மணி நேர வேலை."

"ஐயையோ, தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையைச் சேத்துல எறக்கினேன்னு ஊர் சிரிக்கும்."

"ஊரு எட்டிப் பாக்கறதுக்குள்ள முடிச்சுடறேன்."

முடித்தார். மறுநாள் அவர் அப்பா அம்மா டாக்ஸியில் வருவார்கள், அது உள்ளே நிற்க இடம் வேண்டும் என்று வேனை வழக்கமான இடத்திலிருந்து நகர்த்தி, காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் போட்டார். பக்கவாட்டுக் கதவு சுவர்ப் பக்கம் வந்துவிட்டது. கதவைத் திறந்து இறங்கினால் சுவருக்கும் வேனுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற சந்து. பழைய பலகைகளும் கட்டைகளும் கல்யாணப் பந்தல்காரர்களின் சாமான்களோடு எங்கேயோ போய்விட்டன. அதனால் மாப்பிள்ளை நடுவில் பொள்ளலான சிமெண்ட் கல், அந்த ஹாலோ பிளாக், வாங்கி வந்து ஒவ்வொரு காலுக்கும் கீழே வைத்தார். சக்கரங்களைக் கழற்றி, துடைத்து, வராந்தாவில் அழகாக அடுக்கினார். ரசமட்டம்கூட வைத்துப் பார்த்தார்.

மாமி ஈரக் கையோடு சமையலறையிலிருந்து வந்தார். தலைப்பு இடுப்புக்குப் போனது. தோள் தயாரானது. அக்கா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, வேண்டாம்."

"சும்மா லேசா கை வெச்சு..."

"அவர் பண்ணினதும்மா. நீ சத்தியம் பண்ணியிருக்கே."

மாமியின் பார்வை வேனின் பின்பக்கம், சுவரோரக் காலில் போய் நின்றது. நானும் பார்த்தேன். அந்த இடத்தில் போன கோடைவரை ஒரு தென்னை இருந்தது. வண்டு விழுந்து பட்டுப்போனதை வேரோடு எடுத்துவிட்டுக் குழியை மணல் போட்டு மூடினார்கள். மாமி நின்று மேற்பார்வை பார்த்த வேலை. மணல்மேல் இப்போது புல் முளைத்திருந்தது. தெரியாதவர்களுக்கு அது வெறும் தரை.

மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "எப்டி மாமி? கல்லு மாதிரி நிக்கறது பாருங்கோ."

மாமி வாயைத் திறந்தார். மகளைப் பார்த்தார்.

"பேஷா இருக்கு மாப்பிள்ளை."

மாமி வாயிலிருந்து நான் கேட்ட முதல் பொய் அதுதான். அன்று சாயங்காலம் முழுக்க மாமி துண்டு உலர்த்த, கோலமாவு எடுக்க, பால்காரரைப் பார்க்க என்று வாசலுக்கு வந்துகொண்டே இருந்தார். வந்த வேலையைச் செய்யாமல் உள்ளே போனார்.

தீபாவளிக்கு முந்தின நாள் மழை பிடித்தது. விடவில்லை. சரவெடி பாதியில் செத்தது. தெருவில் கணுக்கால் தண்ணீரில் பட்டாசுக் காகிதம் மிதந்தது. தீபாவளி மத்தியானம் எங்கள் வீட்டு அதிரசத்தைத் தட்டில் மூடி எடுத்துக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனேன். உள்ளே சம்பந்தி வீட்டாரின் சத்தம் கூரையைத் தூக்கியது. இஸ்திரிக்காரர் போர்ட்டிகோவில் ஒதுங்கி மைசூர்பாகு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமி தட்டை வாங்கிக்கொண்டு, உள்ளே போகாமல், என்னிடம் ஏதோ கேட்டபடி வாசலிலேயே நின்றார்.

"இன்னா மாமி," என்றார் இஸ்திரிக்காரர், வாயில் மைசூர்பாகோடு. "வண்டி சாஞ்சிக்கினு கீது?"

திரும்பினோம். கூரைத் தண்ணீர் முன்பக்கம் வடியவில்லை. பின்னால், சுவர்ப்பக்க மூலையில் அருவி மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. கொட்டிய இடம் தென்னங்குழி. அந்த மூலை ஒரு சாண் இறங்கியிருந்தது. நாங்கள் பார்க்கும்போதே கீழிருந்து "கிர்க்" என்றொரு சின்னச் சத்தம். ஹாலோ பிளாக் விரிசல் விடுகிற சத்தம்.

வேனின் முன்பக்கத்தைத் தாண்டி, சந்துக்குள், கதவுக்குப் பக்கத்தில் ஒரு குடை சாய்த்து வைத்திருந்தது. மாமாவின் குடை.

மாமியின் கையில் இருந்த தட்டு கீழே விழவில்லை. அதைத் திண்டில் வைத்து, ஆடாமல் நிற்கிறதா என்று ஒரு விரலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஓடினார்.

சத்தம் கேட்டு மாப்பிள்ளை வெளியே வந்தார். ஒரு பார்வையில் புரிந்துகொண்டு சந்தை நோக்கிப் பாய்ந்தார்.

"நில்லுங்கோ," என்றார் மாமி. மாப்பிள்ளையை மாமி அதட்டியது அதுதான் முதல் தடவை. "சுவத்துக்கும் வேனுக்கும் நடுவுல யாரும் போகப்படாது. சரிஞ்சா எலும்பு மிஞ்சாது."

"மாமாவைக் கூப்பிடலாமே."

"காதைக் கழட்டி வெச்சிருப்பார். வேனைத் தட்டினா முழிச்சுப்பார். முழிச்சா நேரா அந்தக் கதவைத் திறந்து சந்துலதான் எறங்குவார்."

மாமா நல்ல கனம். மத்தியானச் சாப்பாடு வேறு. அவர் படுத்திருந்தது வலது பக்கப் படுக்கையில், அதாவது உயர்ந்த பக்கம். அவருடைய எடைதான் அப்போதைக்கு வேனைப் பிடித்து வைத்திருந்தது. சுவர் இருந்த இடது பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தால் போதும், வேன் சரிந்துவிடும்.

"கனமா ஏதாவது அடியில குடுக்கணும்," என்றார் மாமி. "செங்கல் நொறுங்கிடும். கட்டை ஒண்ணுகூட இல்லை."

எனக்கு எங்கள் ஃப்ளாட்ஸ் பின்புறம் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வீடு மிக்ஸியும் கிரைண்டரும் வந்தபிறகு எல்லோரும் கொண்டுபோய்க் கடாசிய அம்மிகள் அங்கே வரிசையாகக் கிடந்தன. இஸ்திரிக்காரரை இழுத்துக்கொண்டு ஓடினேன். எங்கள் அம்மியைத் தூக்கும்போது பால்கனியிலிருந்து அம்மாவின் குரல்.

"டேய், அதை எங்கடா தூக்கிட்டுப் போற?"

"மாமி வீட்டுக்கு. மாமாவுக்கு ஆபத்தும்மா."

"அது எங்கம்மா குடுத்த சீரு. திரும்பி வரணும், சொல்லிட்டேன்."

"நைனா, அப்புறம் பேசு, கை வழுக்குது," என்றார் இஸ்திரிக்காரர்.

வேனுக்குப் பின்னால் தண்ணீரில் குப்புறப் படுத்துக்கொண்டு, சவுக்குக் கழியால் அம்மியைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்த மூலையின் அடிக்குத் தள்ளினோம். ஒரு தள்ளுக்கு ஒரு "கிர்க்". இஸ்திரிக்காரர் வாய்க்குள் எல்லா சாமியையும் கூப்பிட்டார். அம்மி சேஸிஸ் விளிம்பில் போய் முட்டி நின்றது. நன்றாக உட்கார்ந்ததா, ஓரத்தில் தொற்றிக்கொண்டிருக்கிறதா, தெரியவில்லை. கழியை இழுத்தால் அம்மியும் வந்துவிடுமோ என்று கழியை அப்படியே விட்டுவிட்டோம்.

மாமி வலது பக்கம் ஜன்னலுக்கு நேராக ஒரு ஸ்டூலைப் போட்டார். ஏறுவதற்கு முன்னால் அதை ஆட்டிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கண்ணாடியை அதிராமல் நகர்த்தி உள்ளே கையை விட்டார். மாமாவின் மார்பில் உள்ளங்கையைப் பரப்பி வைத்தார். தட்டவில்லை, உலுக்கவில்லை. அழுத்திக்கொண்டு அப்படியே நின்றார். மாமா கண் விழித்து எழுந்திருக்கப் பார்த்தபோது அந்தக் கை விடவில்லை.

"ஏண்டி, காபியா?" என்றார் மாமா, காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில்.

மாமி இல்லை என்று தலையை ஆட்டினார். கதவைக் காட்டிக் கூடாது என்று விரலை ஆட்டினார். முன்னால் டிரைவர் சீட்டைக் காட்டினார்.

"அந்தப் பக்கம் எதுக்கு? கதவு இங்கேன்னா இருக்கு."

ஒரு காலைக் கீழே இறக்கினார். அடியில் "கிர்க்", அதைத் தொடர்ந்து கல்லும் இரும்பும் உரசுகிற ஓசை. வேன் பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு விரல்கடை இறங்கியது. மாமி அவர் பனியனைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார்.

"அசையாதேங்கோ," என்றார். குரல் அவருக்குக் கேட்டிருக்காது. முகம் கேட்டிருக்கும். மாமா காலை மெதுவாக மேலே எடுத்துக்கொண்டார்.

அப்புறம் வலது சுவரை ஒட்டி முழங்காலிட்டு, படுக்கையிலேயே முன்னால் நகர ஆரம்பித்தார். மாமி பனியனை விடாமல் கை எட்டுகிறவரை கூடவே நீட்டினார். ஜன்னல் முடிந்தது. கையை விட்டாக வேண்டும். விட்டார். ஜன்னலுக்கும் டிரைவர் கதவுக்கும் நடுவில் வெறும் தகரம். உள்ளே அவர் எங்கே இருக்கிறார், எந்தப் பக்கம் காலை வைக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. மழைச் சத்தம் மட்டும். அக்கா வராந்தாவில் சக்கரங்களைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமி இரண்டு கைகளையும் தகரத்தின்மேல் படர வைத்து, காதையும் அதன்மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

டிரைவர் கதவு திறந்தது. மாப்பிள்ளை அதற்கு முன்பே அங்கே போய்த் தோளைக் கொடுத்து நின்றிருந்தார். மாமாவை அலாக்காக இறக்கி, வராந்தாவரை கொண்டுபோய்ச் சேர்த்தார்.

 மாப்பிள்ளை திரும்பி வந்து, இறங்கிப்போன மூலையைத் தூரத்திலிருந்தே குனிந்து பார்த்தார்.

"இங்க மட்டும் ஏன் இப்படி உள்வாங்கித்து?"

"தென்னமரம் இருந்த எடம்," என்றார் மாமி.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

மாப்பிள்ளை தலையிலிருந்து வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமி. நான் என்ன, கோச்சுண்டா போயிடுவேன்?"

 மாமி தலை குனிந்து நான் பார்த்ததும் அன்று ஒரு முறைதான்.

சம்பந்தி போர்ட்டிகோவுக்கு வந்திருந்தார். நிலைமையைச் சமாளிக்கிற குரலில், "போறது விடுங்கோ. அம்மி குடுத்தாச்சே. இனிமே நன்னாத்தான் நிக்கும்," என்றார்.

அக்கா வராந்தாவிலிருந்து இறங்கி மழைக்குள் வந்தாள்.

"ஆட்டிப் பாரும்மா," என்றாள்.

மாமி மகளைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். அவர் ஒதுங்கி வழிவிட்டார். எல்லோரையும் போர்ட்டிகோவுக்குப் போகச் சொல்லிவிட்டு, மாமி தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வேனின் வலது வயிற்றில் தோளை வைத்தார்.

தள்ளு என்றுகூடச் சொல்ல முடியாது. சாய்ந்தார், அவ்வளவுதான். அம்மி நழுவியது. இடது பக்கக் கால்கள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக மடங்கின. வேன் முழுசாக இடதுபுறம் படுத்துச் சுவரில் மோதியது. சுவர் பக்கத்து மனைக்குள் சரிந்தது. சந்து இருந்த இடத்தில் சந்து இல்லை. குடையின் கைப்பிடி மட்டும் வேனுக்கு அடியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

மாமா வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என் காது உள்ள இருக்குடி," என்றார்.

இந்த வருஷமும் மழை பிடித்துவிட்டது. வேன் அதே காம்பவுண்டில், பழைய இடத்தில், நான்கு அம்மிகள்மேல் நிற்கிறது. அதில் ஒன்று எங்களுடையது. அம்மா இன்னும் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.